ஒரே டயரில் ரோடும் ட்ராக்கும்

டயர் கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு காகிதத்தில் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் ஒரு முழுச் சுற்று 3.717 கி.மீ. ரோடு கார் ஒன்று, சுமாராக ஓட்டத் தெரிந்தவர் கையில், ஒரு லேப்புக்கு இரண்டேகால் நிமிடம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிட செஷனில் ட்ராக்குக்குள் போகிற நேரமும் வெளியே வருகிற நேரமும் கழித்தால் எட்டு லேப் கிடைக்கும். நாளைக்கு நான்கு செஷன் என்றால் 120 கி.மீ. வருடத்துக்கு ஆறு ட்ராக் டே போகிறவரைத் தீவிரமான ஆள் என்றே சொல்ல வேண்டும். அவரும்கூட ட்ராக்கில் ஓட்டுவது 720 கி.மீ.தான். அதே கார் ஆபீசுக்கும், ஞாயிறு காலையில் மாமல்லபுரத்துக்கும், எப்போதாவது ஏலகிரிக்கும் போய் வந்ததில் எட்டாயிரம் கி.மீ. ஓடியிருக்கும்.

ஆனாலும் பெரும்பாலானவர்கள் அந்த 720 கி.மீ.யை மனதில் வைத்துத்தான் டயர் வாங்குகிறார்கள். இந்த அத்தியாயம் மறுபக்கம் நின்று பேசுகிறது. ட்ராக்கில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, அதே டயரில், ஐப்பசி மழையில், பெங்களூர் நெடுஞ்சாலை வழியே வீடு திரும்ப வேண்டும். அந்தப் பயணத்துக்குத் தாங்காத டயர் லேப் டைமில் மூன்று விநாடி குறைத்துக் கொடுத்தாலும் ரோடு காருக்கு ஆகாது. தனியாக இன்னொரு செட் ரிம் வாங்கி, ட்ராக்கில் மாட்டிக் கழற்றுகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர்கள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கடையில் இருக்கும் வகைகள்

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தும் டயர்களை ஒரு ஓரத்தில் முழு ரோடு டயர், மறு ஓரத்தில் முழு ட்ராக் டயர் என்று வரிசையாக நிறுத்தலாம். ரோடு ஓரத்தில் நிற்பவை சத்தம் குறைவாக, மைலேஜ் கூடுதலாக, நாற்பதாயிரம் கி.மீ. ஓடக்கூடிய டூரிங் டயர்கள். பல கார்கள் ஷோரூமிலிருந்து வெளியே வருவதே இவற்றில்தான். இவற்றை இளக்காரமாக நினைக்க வேண்டாம். டொயோட்டா 86 கார் 2012இல் வந்தபோது அதன் தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா அதற்குக் கொடுத்தது 215/45 ஆர்17 அளவில் மிஷலின் பிரைமஸி எச்பி, அதாவது குடும்பக் கார்களில் போடுகிற டயர். க்ரிப் குறைவாக இருந்தால் கார் குறைந்த வேகத்திலேயே வழுக்கத் தொடங்கும். ஓட்டுகிறவர் அதைக் கட்டுப்படுத்திப் பழகலாம். முதல் இரண்டு மூன்று ட்ராக் டேக்களுக்கு நானும் இதையே சொல்வேன்: காரில் இருக்கிற டயரிலேயே போங்கள். கையில் இருக்கும் காசை பிரேக் பேடுக்கும் புது பிரேக் ஆயிலுக்கும் செலவிடுங்கள். டயர் சூடாகி வழுக்கினால் முன்கூட்டியே கீச்சிட்டுச் சொல்லும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைக்குப் போன பிறகுதான் தெரியும்.

அடுத்த படியில் உயர்ரக சம்மர் டயர்கள். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பைலட் ஸ்போர்ட் 5, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், பிரெல்லி பி ஸீரோ எல்லாம் இந்த வகை. ஆழமான பட்டன், மழைக்கு வழிவிடும் அகலமான காடிகள், சிலிக்கா கலந்த ரப்பர். ரோட்டில் இதற்கு மேல் க்ரிப் தேவைப்படுகிற சந்தர்ப்பம் வந்தால், குறை டயரில் இருக்காது.

அதற்கும் அடுத்தது, கார் பிரியர்கள் "200 டயர்" என்று சொல்லும் கூட்டம்: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052, அட்வான் நியோவா, ஹன்கூக் ஆர்எஸ்4, ஃபால்கன் ஆர்டி660. சட்டப்படி ரோட்டில் ஓட்டலாம், மழையிலும் சமாளிக்கும், ஆனால் உண்மையான விருப்பம் காய்ந்த ட்ராக்தான். ரோட்டில் கூழாங்கல்லை அள்ளி மட்கார்டில் அடிக்கும், ஐந்தாறாயிரம் கி.மீ. கடந்ததும் சத்தம் கூடும்.

வரிசையின் ட்ராக் ஓரத்தில் மிஷலின் கப் 2, பிரெல்லி ட்ரோஃபியோ ஆர், டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1. இவை அரைகுறையாகக் காடி வெட்டிய ரேஸ் டயர்கள் என்றே கொள்ளலாம். இதையும் தாண்டினால் ஸ்லிக். ரேஸ் முடிந்த பிறகு பழைய ஸ்லிக் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் ஆசைப்படுவதுண்டு. ரோட்டில் அதை ஓட்டுவது சட்டவிரோதம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது இங்குள்ள விதி. ட்ராக்கிலும்கூட, ஸ்லிக்கின் பிடிக்கு ஏற்ற சஸ்பென்ஷன் இல்லாத காரில் அது வீல் பேரிங்கைத்தான் தின்னும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்கள்

அந்த 200 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் விளம்பரத்தில் பாதி புரிந்துவிடும். அமெரிக்க அரசின் தரக் குறியீட்டில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் உண்டு. டெக்சாஸில் 400 மைல் நீளமுள்ள ஒரு சாலைச் சுற்றில் சோதனை டயரையும் ஒப்பீட்டு டயரையும் கார்களில் மாட்டி, 7,200 மைல் ஓட்டித் தேய்மானத்தை அளப்பார்கள். ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால், அதைப்போல இரண்டு மடங்கு உழைக்கும் டயருக்கு 200. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணை அச்சடிப்பது அரசு இல்லை, கம்பெனியே. உழைப்பைக் கூட்டிச் சொல்லத்தான் தடை. குறைத்துச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவின் அமெச்சூர் போட்டிகளில் ரோடு கார் பிரிவுகளுக்கு "ட்ரெட்வேர் 200க்குக் குறையாத டயர்" என்று விதி வைத்தார்கள். அதன் பிறகு எல்லாக் கம்பெனிகளும் தங்களிடம் உள்ள ஆகக் கெட்டியான பிடியுள்ள ரப்பரை எடுத்து, பக்கச்சுவரில் 200 என்று அச்சடித்தார்கள். ஹன்கூக் ஆர்எஸ்4இலும் 200தான், அட்வான் ஏ052இலும் 200தான். முன்னது நீண்ட தூர எண்டியூரன்ஸ் ரேஸ்களில் மணிக்கணக்காக ஓடித் தாங்குவதற்குப் பெயர் பெற்றது. பின்னது ஓரிரு லேப்பில் உச்ச வேகம் கொடுத்துவிட்டுச் சூடேறித் தளர்ந்துவிடும், தேய்வதும் வேகம். ஒரே எண்ணைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300 என்றும் கப் 2இல் 180 அல்லது 240 என்றும் இருப்பது ஒரு பொருளைச் சொல்கிறது.

பக்கத்தில் இருக்கும் ட்ராக்ஷன் ஏஏ, ஏ என்கிற எழுத்துகளையும் தவறாகப் படிக்கிறவர்கள் அதிகம். அது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனை. காய்ந்த ட்ராக்கில் வளைவில் எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

லோடு இண்டெக்ஸும் ஸ்பீடு ரேட்டிங்கும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. வி 240 கி.மீ. வேகம் வரை, டபிள்யூ 270 வரை, ஒய் 300 வரை. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே எதையும் போடாதீர்கள். வளைவில் வெளிப்புற முன்டயர் மீது விழும் பாரம், கார் நிற்கும்போது இருப்பதைவிட மிக அதிகம்.

ரப்பரின் பதம்

பாகு காய்ச்சுகிறவர்களுக்குப் பதம் தெரியும். சூடு போதாவிட்டால் பாகு ஒட்டாது, மிஞ்சினால் கெட்டுப்போகும். டயர் ரப்பருக்கும் அப்படி ஒரு பதம் உண்டு, ஒவ்வொரு வகைக்கும் அது வேறு. ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கி நிமிரும்போது உள்ளே சக்தி சூடாக வீணாகிறதே, அந்த வீணடிப்புதான் க்ரிப்பின் பெரும் பகுதி. அதனால் க்ரிப் வேண்டுமென்றால் சூடு வரத்தான் செய்யும்.

உயர்ரக சம்மர் டயரின் பட்டன் ஆழமானது. புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 8 மி.மீ. உயரத்தில் நிற்கும் ரப்பர் கட்டைகள் ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் நெளியும். நெளிவு சூட்டைக் கூட்டும், சூடு ரப்பரை இளக்கும், இளகியது இன்னும் நெளியும். மூன்றாவது லேப் வரை நன்றாக ஓடிய கார் ஐந்தாவது லேப்பில் வெண்ணெய் மீது போகிறது என்று ஆட்கள் குறைப்படுவது இதனால்தான். கோடை நாளில் தார்ப்பரப்பின் சூடு 60 டிகிரியைத் தொடுகிற நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் வரும். 200 வகை டயர்களில் கட்டைகள் பெரியவை, காடிகள் குறைவு, பட்டன் ஆழமும் குறைவு. அதனால் அதிகச் சூட்டிலும் பதம் மாறாமல் நிற்கின்றன.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. ஐரோப்பியப் பத்திரிகைகள் கப் 2 வகை டயர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் குளிர்காலக் காலையில் அவை பிடிக்காமல் போவதை எச்சரிக்கும். சென்னையில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் கிடையாது, கோவையிலும் அப்படித்தான். எனவே அந்த எச்சரிக்கையை நாம் பெரும்பாலும் தாண்டிப் போகலாம். தாண்டிப் போகக் கூடாதது மழையைப் பற்றிய எச்சரிக்கை.

பட்டன் ஆழம் குறையக் குறைய டயர் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் விழுகிறது. தண்ணீர் தள்ளப்படாவிட்டால் டயர் அதன் மேல் ஏறி மிதக்கும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேருக்குத்தான் இருக்கும். உயர்ரக சம்மர் டயர் புதிதாக இருக்கும்போது நெடுஞ்சாலை வேகத்தில் தேங்கிய நீரைச் சமாளிக்கும். கப் 2 போன்றவை பிறக்கும்போதே ஆழம் குறைந்தவை. அவை பாதி தேய்ந்த பிறகு, வடகிழக்குப் பருவமழையில், பூந்தமல்லி பக்கம் சாலையோரம் தேங்கி நிற்கும் நீரில் இடது சக்கரங்களை விட்டால் 80 கி.மீ. வேகமே அதிகம். ட்ராக் டே சீசனும் மழைக்காலமும் மாதக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று விழுவது நம் ஊரின் தலையெழுத்து. ஆகவே ஒரே செட் டயர்தான் என்று முடிவானால் என் பரிந்துரையில் தயக்கமே இல்லை: உயர்ரக சம்மர் டயர். அந்த டயரை ஐந்து லேப்பில் சூடேற்றித் தளரவைக்கும் அளவுக்கு நீங்கள் ஓட்டத் தொடங்கிய பிறகு, அதுவும் முடிந்தவரை தனி ரிம்மில், 200 வகைக்குப் போகலாம்.

இதே காரணத்தால் இன்னொரு சிக்கனமும் கைகூடும். பாதி தேய்ந்த சம்மர் டயர் ரோட்டில் மழைக்கு உதவாது. ஆனால் காய்ந்த ட்ராக்கில் புதியதைவிட அதுவே மேல். கட்டைகள் குட்டையாகிவிட்டதால் நெளிவு குறைவு, சூடும் குறைவு. அமெரிக்காவில் இதற்காகவே புது டயரைச் சீவித் தரும் கடைகள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பட்டனைச் சீவி எறிய நம் மனசு கேட்காது. மழைக்காலம் தொடங்கும் முன் ரோட்டுக்குப் புதுச் செட் போட்டுவிட்டு, பழையதைத் தூக்கிப் போடாமல் ட்ராக்குக்கு என்று எடுத்து வைத்தால் அதே பலன் கிடைக்கும்.

சைஸ்

அகலமான டயர் போட்டால் க்ரிப் கூடும் என்பது பாதி உண்மை. ரிம் அகலம் போதாமல் டயரை மட்டும் அகலமாக்கினால் பக்கச்சுவர் உள்ளே வளைந்து, வளைவில் டயர் ரிம் மேல் ஆடும். ஸ்டீயரிங் மந்தமாகும். எந்த டயருக்கு எந்த ரிம் அகலம் என்பது கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். அதன் நடுப்பகுதிக்குள் நிற்பது நல்லது.

அதைவிட முக்கியம் டயரின் மொத்த விட்டம். 225/45 ஆர்17 டயரின் விட்டம் 634 மி.மீ. ரிம்மை 18 அங்குலமாக்கி 225/40 போட்டால் 637 மி.மீ.; வித்தியாசம் அரை சதவீதம்தான். கடையில் "அது ஸ்டாக் இல்லை சார், 245/40 போடுங்க, பார்க்க நல்லா இருக்கும்" என்பார்கள். அது 653 மி.மீ. மூன்று சதவீதம் கூடுகிறது. கியர் நீளமாகிறது, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டும் பக்கம் நகர்கிறது, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் மட்கார்டு லைனர் உரசும். பார்க்க நன்றாக இருக்கும், அது வாஸ்தவம்தான்.

முன்னுக்கு ஒரு சைஸ், பின்னுக்கு ஒரு சைஸ் என்று வரும் கார்களில் இன்னும் கவனம் வேண்டும். போர்ஷே 718 கேமனின் 19 அங்குல ரிம்களில் முன்னால் 235/40, பின்னால் 265/40. இங்கே முன்னையும் பின்னையும் மாற்றிப் போடும் ரொட்டேஷனுக்கு வழியே இல்லை. சென்னையில் அசெம்பிள் ஆகும் பிஎம்டபிள்யூ எம்340ஐ போன்ற நான்கு சக்கர இயக்கக் கார்களில் முன்டயரும் பின்டயரும் உருளும் சுற்றளவு கம்பெனி வைத்த விகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இடைவிடாமல் வேலை செய்து சூடாகும். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் நான்கு டயரின் விலை ஒன்றுமே இல்லை. இந்தக் கார்களுக்கு நான்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

போர்ஷேக்கான டயர்களில் என்0, என்1 என்றும், பிஎம்டபிள்யூக்கானதில் ஒரு நட்சத்திரமும், மெர்சிடிஸுக்கானதில் எம்ஓ என்றும் பொறித்திருக்கும். கார் கம்பெனியோடு சேர்ந்து அந்தக் காருக்கென்று திருத்திச் செய்த டயர் என்று பொருள். வாரண்டி இருக்கும் வரை அதையே வாங்குவது தலைவலியைக் குறைக்கும். வாரண்டி முடிந்த பிறகு அது கட்டாயமில்லை, ஆனால் நான்கும் ஒரே குறியோடு இருக்க வேண்டும். ஒன்றில் குறியும் மற்றதில் குறியில்லாததுமாகக் கலக்கக் கூடாது.

வாங்கும் இடத்தில்

2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியை உரிமம் தேவைப்படும் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு இங்கே டயர் தேர்வு என்பது சிறந்தது எது என்பதோடு முடிவதில்லை. உங்கள் சைஸில் எது வந்து சேரும் என்பதில்தான் தொடங்குகிறது. வெளிநாட்டு ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்த்து மனதுக்குள் ஒரு டயரை நிச்சயம் பண்ணிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் நான்கைந்து கடைகளில் உங்கள் சைஸைச் சொல்லி என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள், பிறகு அதற்குள் தேர்ந்தெடுங்கள். ரிம் வாங்கும் கட்டத்திலேயே இதை யோசிக்கிறவர் புத்திசாலி. 17, 18 அங்குலத்தில் பரவலாகக் கிடைக்கும் சைஸாகப் பார்த்து ரிம் வாங்கினால் பிற்காலத்தில் டயருக்கு அலைய வேண்டியதில்லை.

தொலைபேசியிலேயே கேட்க வேண்டிய இன்னொன்று தயாரிப்புத் தேதி. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ஸ்போர்ட்ஸ் கார் சைஸ்கள் மெதுவாகத்தான் விற்கும் என்பதால் இரண்டு மூன்று வருடம் குடோனில் கிடந்த டயர் "ஆஃபர்" விலையில் வரும். ரோட்டுக்கு மட்டும் என்றால் அதை யோசிக்கலாம். ட்ராக்குக்கும் என்றால் வேண்டாம். ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாத டயர் எப்படி உள்ளே வந்தது என்று கடைக்காரர் சொல்லும் கதை சுவாரசியமாக இருக்கும், வாரண்டி மட்டும் இருக்காது.

பஞ்சர் ஒட்டிய டயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாலையோரக் கடையில் ஸ்ட்ரிப் செருகி ஒட்டியது ரோட்டில் ஓடும். அந்த டயரை ட்ராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பக்கச்சுவரில் ஒட்டியது என்றால் ரோட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

காற்று

ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொஞ்சம் செலவு செய்து நல்ல ப்ரெஷர் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். பெட்ரோல் பங்க் கேஜை நம்பி ட்ராக்குக்குப் போவதில் அர்த்தமில்லை. டயருக்குள் இருக்கும் காற்று சூடாகும்போது அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதைப் பள்ளிப் பாடக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். காலை 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. அடிக்கிறீர்கள். அதோடு வளிமண்டல அழுத்தம் 14.7ஐச் சேர்த்தால் 46.7. உள்காற்று 80 டிகிரிக்குப் போனால் அது 353ஐ 303ஆல் வகுத்த விகிதத்தில் உயர்ந்து 54.4 ஆகும். 14.7ஐக் கழித்தால் கேஜில் ஏறக்குறைய 40 காட்டும். எட்டு பி.எஸ்.ஐ. கூடிவிட்டது. டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, கார் தன்பாட்டுக்கு வழுக்கும். இதை டயரின் குறை என்று நினைத்து அடுத்த செட்டுக்கு விலை விசாரிப்பவர்களை எல்லா ட்ராக் டேயிலும் பார்க்கலாம்.

முதல் செஷன் முடித்து பிட்டுக்குள் வந்ததும், டயர் ஆறுவதற்கு முன்பே நான்கையும் அளந்து காற்றை இறக்குங்கள். 1,300 முதல் 1,600 கிலோ எடையுள்ள ரோடு காருக்குச் சூடான நிலையில் 34 முதல் 36 பி.எஸ்.ஐ. என்பது நல்ல தொடக்கம். கார் கம்பெனியோ டயர் கம்பெனியோ ட்ராக்குக்கென்று வேறு எண் கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே அளவு ஏறியிருக்காது. கடிகாரச் சுற்றில் ஓடும் ட்ராக்கில் வலது வளைவுகள் அதிகம் என்பதால் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடாகும். சூடான நிலையில் இடமும் வலமும் சமமாக வரும்படி இறக்கிவிட்டால், மறுநாள் ஆறிய நிலையில் இடது குறைவாக இருக்கும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கலாம்.

நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மேலே போட்ட கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும். அதில் ஈரப்பதம் இல்லை என்பது உண்மையான நன்மை, ஏற்றம் கொஞ்சம் சீராக இருக்கும். அதற்காக ட்ராக்கிலிருந்து திரும்பும் வழியில் நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று தேடி, குறைந்த காற்றோடு முப்பது கி.மீ. ஓட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

அழுத்தம் சரியா என்று டயரே காட்டிக்கொடுக்கும். பக்கச்சுவரும் பட்டனும் சேரும் ஓரத்தில் சிறிய முக்கோணக் குறிகள் இருக்கும். மிஷலினில் முக்கோணத்துக்குப் பதில் அந்தக் கம்பெனியின் சின்னமான குண்டு பொம்மை. ரப்பர் தேய்ந்த அடையாளம் குறியின் முனை வரை வந்து நின்றால் சரி. அதைத் தாண்டிப் பக்கச்சுவரில் இறங்கியிருந்தால் காற்று குறைவு, அல்லது கேம்பர் (சக்கரத்தின் உட்சாய்வு) போதவில்லை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஊசி முனையுள்ள பைரோமீட்டரை ரப்பருக்குள் இரண்டு மூன்று மி.மீ. குத்தி, உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் சூட்டை அளக்கலாம். நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம். வெளியோரம் உள்ளோரத்தைவிடச் சூடாக இருந்தால் கேம்பர் குறைவு. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி மலிவுதான். ஆனால் மேல்தோல் பிட் லேனிலேயே ஆறிவிடும் என்பதால் அதன் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கேம்பர் பற்றி அலைன்மென்ட் அத்தியாயத்தில் விரிவாக இருக்கிறது. டயர் வாங்குகிறவருக்கு இங்கே தெரிய வேண்டியது இவ்வளவுதான்: ரோடு அமைப்பில் மைனஸ் ஒரு டிகிரி கேம்பரோடு நிற்கும் காரில் 200 வகை டயரைப் போட்டால் முன்டயர்களின் வெளியோரம் சில ட்ராக் டேக்களிலேயே தேய்ந்து நூல் தெரியும், உள்ளோரம் புதிதுபோல இருக்கும். மைனஸ் இரண்டு டிகிரி வரை கொண்டுபோனால் டயரின் ஆயுளே கூடும். "கேம்பர் வெச்சா ரோட்ல டயர் உள்பக்கம் போயிடும்" என்று அலைன்மென்ட் கடையில் பயமுறுத்துவார்கள். ரோட்டில் டயரைத் தின்பது பெரும்பாலும் தப்பான டோ, அதாவது சக்கரம் நேராக இல்லாமல் உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது. டோ சரியாக இருந்தால் இரண்டு டிகிரி கேம்பர் பெரிதாகக் கெடுக்காது.

தனி ரிம் செட்

வருடத்துக்கு நான்கு ட்ராக் டேக்கு மேல் போகிறீர்கள் என்றால் இரண்டாவது ரிம் செட் ஆடம்பரச் செலவில் சேராது. ரோட்டுக்கு நல்ல மழை டயர், ட்ராக்குக்கு 200 வகை அல்லது கப் 2 என்று பிரித்துவிட்டால் இரண்டும் நீண்ட நாள் உழைக்கும். ரிம் வாங்கும்போது போல்ட் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட், பிரேக் காலிப்பருக்கு இடைவெளி என்று நான்கையும் சரிபாருங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் இல்லாமல் மாட்டாதீர்கள். கூடவே ஒரு தாழ்வான ஜாக்கியும் டார்க் ரெஞ்ச்சும் வேண்டும். முதல் செஷன் முடிந்து ரிம் ஆறியதும் எல்லா நட்டையும் மறுபடி சோதிப்பது பழக்கமாக வேண்டும். எவ்வளவு முறுக்கு என்பது காரின் கையேட்டில் இருக்கும்.

நான்கு டயரையும் காருக்குள் எப்படி ஏற்றுவது என்பதுதான் நடைமுறையில் பலரைத் தடுக்கிறது. பின்சீட்டை மடக்கினால் பெரும்பாலான ஹாட்ச்பேக்கிலும் செடானிலும் போகும். இரண்டு சீட் காரில் போகாது. பின்னால் இன்னொரு வண்டியில் நண்பர் வர வேண்டும், அல்லது ஒரே செட்டோடு வாழ வேண்டும்.

ட்ராக் அன்று

புத்தம்புது டயரோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய பூச்சு மேற்பரப்பில் இருக்கும். இருநூறு முந்நூறு கி.மீ. ரோட்டில் நிதானமாக ஓட்டிய பிறகு போங்கள். 200 வகை, கப் 2 வகை டயர்களுக்கு முதல் செஷனில் சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டால் ரப்பர் இறுகி நீண்ட நாள் தாங்கும். ஒவ்வொரு செஷனிலும் கடைசி லேப் ஆறவைப்பதற்கே என்று ஒதுக்குங்கள்.

செஷன்களுக்கு இடையே டயரைக் கையால் தடவிப் பாருங்கள். மற்ற டயர்கள் உதிர்த்த ரப்பர்த் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பயமில்லை, ரோட்டில் போய்விடும். பட்டன் கட்டைகளின் ஓரத்தில் துண்டு பிய்ந்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அடுத்த செஷனில் வேகத்தைக் குறைக்க வேண்டும். பக்கச்சுவரில் எங்காவது புடைப்பு தெரிந்தால் உள்நூல் அறுந்துவிட்டது. அந்த டயர் அன்றே முடிந்தது. பலர் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவார்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, குனிந்து, உள்பக்கச் சுவரையும் பாருங்கள். கெர்ப் மேல் ஏறி இறங்கிய காயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இடப்பக்க டயர்கள் அதிகம் தேய்ந்திருந்தால் வலத்தோடு மாற்றலாம். வெளிப்பக்கம், உள்பக்கம் என்று குறிப்பிட்ட டயரை ரிம்மோடு அப்படியே மறுபக்கம் மாட்டலாம். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை ரிம்மிலிருந்து கழற்றித்தான் மாற்ற வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் கடைக்காரரோடு வாக்குவாதம் இருக்காது.

கிளம்பும் முன் கடைசி வேலை, இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றுவது. சூடாக இருக்கையில் 35 காட்டிய டயர் ஆறியதும் 27, 28க்கு இறங்கிவிடும். அந்த அழுத்தத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரிகளுக்கு நடுவே ஒரு குழியில் இறங்கினால் பக்கச்சுவர் ரிம்மில் நசுங்கி அறுபடும். சின்னக் கம்ப்ரஸர் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள். டயர் நன்றாக ஆறிய பிறகு, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் என்ன எண் இருக்கிறதோ, அதுவரை நான்கிலும் அடித்துவிட்டு வண்டியை எடுங்கள்.